சம்பந்தியும் ஒரு பகா எண்ணும்

ஆர்.கே.புரம், புதுதில்லி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஏகாம்பரம் அவர்களுக்கு,

நல்லசிவம் வணக்கத்துடன் எழுதுவது. இந்த ஜனவரிக் குளிரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மூட்டுவலி அண்டாமல் சுகமாயிருக்க மலை மந்திர் முருகன் துணை நிற்கட்டும். நிற்க. நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நேற்றுக் காலனிப் பொங்கல் விழாவில் வினாடி வினா நடத்தியது தாங்கள். "ஆறு இலக்கத்துல ஆகச் சின்ன பகா எண் எது?" என்றீர்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாததுதானே பகா எண்? கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாங்களே விடை சொன்னீர்கள்: ஒரு லட்சத்து ஒன்று! கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆயுள் முழுக்க அரசாங்க ஃபைல் தள்ளியவன், இதைக் கேட்டுக்கொண்டு பொங்கல் தின்பேனா? அதன் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிப் பாருங்கள். இரண்டு கூட்டலும் ஒன்றுதான். அப்படிச் சமமாக வந்தால் பதினொன்று வகுத்தே தீரும். பதினொன்றை ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்றால் பெருக்கினால் அதே எண். எழுந்து நின்று சொன்னேன்.

தாங்கள் என்ன சொன்னீர்கள்? "நான் அதச் சொல்லவே இல்ல. உக்காருங்க சம்பந்தி." தப்பைக்கூடப் பொறுப்பேன், புளுகைப் பொறுப்பேனா? மேடையில் ஏறினேன். தாங்கள் மைக்கை விடவில்லை, நானும் விடவில்லை, ஒயர் காலைச் சுற்றிச் சாம்பார் அண்டா சாய்ந்து செயலாளர் சம்சாரம் கோமளாவின் பட்டுப்புடவை மஞ்சளானதற்கு இருவருமே பொறுப்பு. என் மகள் சுபிக்ஷா "அப்பா, பஸ் கரோ! போதும்ப்பா!" என்று அழுதாள். என் மனைவி வள்ளியம்மை, "எறங்குதீயளா, நான் வரட்டுமா?" என்றாள். இன்று காலை காய்கறிக்காரன்கூட "கியாரா வாலே அங்கிள்" என்கிறான். பதினொன்றுக்காரன்! கூப்பிடட்டும், எனக்கது பட்டம்.

தங்கள் மகன் சிவகுமார் தங்கமான பிள்ளை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை வீட்டார் என்பதற்காக வகுபடும் எண்ணை வகுபடாதது ஆக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை நிச்சயதாம்பூலம் நடக்க வேண்டுமானால், அதே மேடையில், அதே மைக்கில், சொன்னது தப்பென்று தாங்கள் சொல்ல வேண்டும். இல்லையேல் தட்டோடு வர வேண்டாம். பெண்ணைப் பெற்றவன் தலைகுனிவான் என்று எந்தக் கணிதத்திலும் இல்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாளுக்கு வணக்கம்.

வளையாத,
நல்லசிவம்

பி.கு.: சுபிக்ஷா இப்போதுதான் மொபைலில் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். தாங்கள் சொன்னது "ஒரு லட்சத்து மூணு". என் காதில் விழுந்தது "ஒண்ணு". அந்த எண்ணையாவது வீழ்த்திவிடலாமென்று, அதன் வர்க்கமூலமான முந்நூற்றுப் பதினாறுக்குள் இருக்கிற அத்தனை பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தேன். அசையவில்லை, பாவி. பகா எண்ணேதான். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். ஞாயிறன்று அவசியம் தட்டோடு வாருங்கள். கோமளா புடவைக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும், சம்பந்தி, மேடையில் நின்றால் "மூன்று" என்று வாய் நிறையச் சொல்லக் கூடாதா?