மூக்கறிஞர் முகர்ந்த ஜின்

மூக்கறிஞர் என்றொரு இனம் உலகத்தில் உண்டு. நம்மைப் போன்ற சாதாரணப் பிறவிகளுக்கு மூக்கு எதற்கு? மூச்சு விட, ஜலதோஷம் பிடிக்க, கண்ணாடி வழுக்கிவிடாமல் தாங்க. இவர்கள் கதை வேறு. மூக்கால்தான் சிந்திப்பார்கள், மூக்கால்தான் தீர்ப்புச் சொல்வார்கள். கையில் தேநீரைக் கொடுத்தால் குடிக்க மாட்டார்கள், விசாரணை நடத்துவார்கள். ரொட்டியைப் பிய்த்து முகர்ந்து, அது அடுப்பின் எந்த மூலையில் வெந்தது என்பார்கள். ஒரு வாழைப்பழத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்றால், நீங்களும் உங்கள் பழத்தை உரிக்காமல் காத்திருப்பீர்கள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி இங்கிலாந்தில் எங்கள் லட்லோ ஊரில் வசிக்கிறார். பெயர் லயனல் ப்ரோபர்ட். வீடு வாங்குகிறவர்களுக்காகக் கட்டடத்தைச் சோதித்துச் சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்திலேயே சுவரில் ஈரம் ஏறியிருப்பதைக் கருவி எதுவும் இல்லாமல் மோந்தே கண்டுபிடிப்பாராம். ஓய்வுக்குப் பிறகு மோந்து பார்க்கச் சுவர் கிடைக்காமல் மனிதர் தவித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர் ஹிலரி அம்மாள், ஜின் என்கிற சீமைச் சாராயத்துக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்.

சந்தா கட்டினால் மாதம் ஒரு பெட்டி வீடு தேடி வரும். எங்கோ ஒரு மாட்டுக் கொட்டகையிலோ கார் ஷெட்டிலோ ஒற்றை ஆள் காய்ச்சிய ஜின் ஒரு புட்டி, கலந்து குடிக்க டானிக் என்கிற கசப்புச் சோடா, கூடவே அந்த ஜின்னில் என்னென்ன மணம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் ஓர் அழகான அட்டை. உறுப்பினர்கள் முதலில் அட்டையைப் படிப்பார்கள், பிறகு குடிப்பார்கள், பிறகு அட்டையில் சொன்னதெல்லாம் வாயில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்வார்கள்.

எந்த ஜின் பெட்டிக்குள் போவது என்று தீர்மானிக்க நால்வர் குழு. லயனல், ஹிலரி, ஓய்வு பெற்ற பல் டாக்டர் டக்ளஸ், நான். நான் எப்படி உள்ளே நுழைந்தேன் என்கிறீர்களா? மசாலாவோடு வளர்ந்த நாக்கு உபயோகப்படும் என்று ஹிலரி நினைத்தார். நான் சேர்ந்த அன்றே லயனல் போட்ட முதல் உத்தரவு, தேர்வுக்கு முந்தின நாள் என் வீட்டில் பூண்டு உரிக்கக் கூடாது என்பது.

தேர்வு எப்போதும் காலை பதினொரு மணிக்கு, பப்பின் மாடி அறையில். சாப்பாட்டுக்கு முன்னால்தான் நாக்கு சுத்தமாக இருக்குமாம். பப்காரர் கீழேயே ஜின்களை ஊற்றி, நெடி குறையத் தண்ணீர் கலந்து, ஜின்னின் நிறம் தெரியாத நீலக் கிண்ணங்களில் எண் மட்டும் ஒட்டி அனுப்புவார். எது யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முகர வேண்டும், ஒரு வாய் உறிஞ்ச வேண்டும், வாளியில் துப்ப வேண்டும். விழுங்குவது அநாகரிகம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வாசல் சோதனை. லயனல் கதவருகே நின்று எங்கள் ஒவ்வொருவரையும் முகர்வார்.

"ஹிலரி, கையில என்ன? ரோஜா கிரீமா?"

"தோல் வெடிக்குது லயனல். துளியூண்டுதான் போட்டேன்."

"போய்க் கழுவிட்டு வாங்க. வெறும் தண்ணியில. சோப்பு கீப்பு தொட்டீங்கன்னா உள்ள விட மாட்டேன். டக்ளஸ், நீங்க பன்றிக்கறி சாப்பிட்டிருக்கீங்க."

"அது நேத்துங்க!"

"நேத்து சாப்பிட்டது இன்னிக்குப் பேசுது. வாயக் கொப்பளிங்க."

பூண்டே இல்லாத என்னைக்கூட இரண்டு தடவை முகர்ந்துவிட்டு, சந்தேகத்தின் பலனை எனக்கு அளிப்பதாகச் சொல்லி உள்ளே விடுவார்.

ஆறு கிண்ணங்கள். மூன்று முடிந்ததும் மூக்குக்கு ஓய்வு. லயனல் கீழே போய் முகம் கழுவி, காளைக் கொம்புபோல் நிமிர்ந்த தன் மீசையை மறுபடி முறுக்கிக்கொண்டு புத்துணர்ச்சியோடு வருவார். நான்காவது கிண்ணத்தை எடுப்பார். கண் மூடும். புருவம் ஏறும்.

"தேவதாரு..." என்பார். நீண்ட இடைவெளி. "தேன்மெழுகு..." இன்னும் நீண்ட இடைவெளி. "பின்னாடி, ரொம்பப் பின்னாடி, வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு கிராம்பு."

"ஆமா, கிராம்பு!" என்று டக்ளஸ் துள்ளுவார். "நாப்பது வருஷம் கிராம்பு எண்ணெயோட குடும்பம் நடத்தினவன் நான். எனக்குத் தெரியாதா?"

லயனல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹிலரிக்கும் தேவதாரு வரும். எதிரே இருக்கும் எனக்கும் லேசாக வரும். வராவிட்டால் குழுவில் எனக்கு என்ன வேலை? ஆக, மாதா மாதம் எங்கள் அட்டையில் தேவதாரு மணந்தது, தேன்மெழுகு உருகியது, கிராம்பு வெட்கப்பட்டது. நாட்டிலேயே எங்கள் சங்கத்துக்குத்தான் தனி ரசனை இருக்கிறது என்று பெயர்.

இந்தப் பெயரால் அடிபட்டவர் தெல்மா கஃப். மலைப்பக்கத்தில் பழைய பால் கொட்டகையில் தனியாக ஜின் காய்ச்சுகிறவர். ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பினார். இரண்டு முறையும் லயனல், "நேர்மையான ஜின். ஆனா வாயத் திறக்க மாட்டேங்குது" என்று ஒதுக்கிவிட்டார். போன வருஷம் கிறிஸ்துமஸ் பெட்டிக்கான தேர்வன்று, தெல்மா பப்பின் பின்புறம் தன் வேனில் உட்கார்ந்திருப்பதாக ஹிலரி சொன்னார்.

"இதுவும் போச்சுன்னா மூடிடுவாளாம். ஜின் காய்ச்சுற செம்புக் கொப்பரைய ஒருத்தன் வந்து அளந்துட்டுப் போயிருக்கான், அவனோட ஓட்டல் வாசல்ல பூத்தொட்டியா வைக்க" என்றார்.

சாராயம் காய்ச்சுவது ஒன்றும் புனிதமான காரியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பூத்தொட்டியா?

அன்றைக்கு வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் நின்றிருந்தார். லயனலின் தம்பி போலிருக்கிறது என்று நினைத்துக் கை குலுக்கினேன். அவர் என்னை முகர்ந்தார். அடக் கடவுளே, லயனலேதான்! மேலுதட்டில் மீசை இருந்த இடம் உரித்த முட்டைபோல் பளபளத்தது. ஊர் மண்டபத்தின் கூரை ஒழுகுகிறது, அதற்கு நிதி திரட்ட மீசையைப் பொதுமேடையில் சிரைத்துக்கொண்டாராம். அவருடைய மீசை போவதைப் பார்க்க ஊரே தாராளமாகக் கொடுத்திருக்கிறது.

முதல் கிண்ணம். கண் மூடினார். நாங்கள் காத்திருந்தோம். கண் திறந்தார். திருதிருவென்று விழித்தார்.

"ஒண்ணுமே இல்லையே."

இரண்டாவது. மூன்றாவது. ஒன்றுமே இல்லை. கிண்ணம் சரியில்லை என்றார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார், பிறகு திறக்கச் சொன்னார். கீழே ஏதோ வறுக்கிறார்கள் என்று பப்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அவர் அடுப்பே இன்னும் மூட்டவில்லை என்றார். ஓய்வுக்குக்கூடப் போகாமல் நான்காவது கிண்ணத்தை வெறி பிடித்தவர் மாதிரி மூக்கோடு அழுத்தினார்.

"ஜின் வாசனைதான் வருது!" என்றார். வீட்டில் திருடன் புகுந்ததைச் சொல்வது போன்ற குரல்.

டக்ளஸ் என் காதைக் கடித்தார். "ஏம்ப்பா, எனக்கும் கிராம்பைக் காணோம். நான் சொல்லட்டுமா, வேண்டாமா?"

லயனலுக்கு வியர்த்துவிட்டது. பழக்க தோஷத்தில் கை மேலுதட்டுக்குப் போயிற்று, அங்கே முறுக்க ஒன்றுமில்லை. பையிலிருந்து சின்னத் தகர டப்பா ஒன்றை எடுத்தார், அதுவும் பழக்க தோஷம்தான். மீசைக்குப் பூசும் மெழுகு. மூடியைத் திறந்தார்.

அறை முழுக்கத் தேவதாரு. தேன்மெழுகு. பின்னாடி, ரொம்பப் பின்னாடி, கிராம்பு.

"அட, மே மாசத்து ஜின்!" என்று கத்தினார் டக்ளஸ். எழுந்தே நின்றுவிட்டார். "இல்ல இல்ல, செப்டம்பர்! ஐயய்யோ, போன கிறிஸ்துமஸும் இதுலதான் இருக்கு!"

ஹிலரி நாற்காலியில் சரிந்தார். "அப்ப... இடைவேளையில கீழ போவீங்களே..."

"மீசைய ஒழுங்கு பண்ண" என்றார் லயனல் ஈனஸ்வரத்தில்.

"வந்ததும் எடுக்கிற கிண்ணம்தானே எப்பவும் ஜெயிக்குது!"

ரோஜா கிரீமை விரட்டினார், பன்றிக்கறியை விரட்டினார், என் வீட்டுப் பூண்டை விரட்டினார். எல்லோரையும் முகர்ந்தவரை யாராவது ஒரு தடவை முகர்ந்து பார்த்தோமா? நாட்டில் தோட்டம் போட்டு, காய் பறித்து, கொப்பரை முன்னால் கண்விழித்துக் கிடந்த அத்தனை பேரின் உழைப்பையும் நாங்கள் ஒரு மீசைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்று பார்த்தே அளந்திருக்கிறோம். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

லயனல் டப்பாவை மூடினார். அடிபட்ட குரலில், அவர் வாழ்நாளில் யாரும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கெல்லாம் எது பிடிச்சிருக்கு?"

பிடிப்பது பற்றி யார் யோசித்தோம்? ஆறு கிண்ணங்களையும் ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு முதலிலிருந்து ருசி பார்த்தோம். ஹிலரி மண்டபத்துக் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டக்ளஸ் தன் மருமகளைப் பற்றி. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மற்ற ஐந்து கிண்ணங்களிலும் ஜின் மிச்சம் இருக்கிறது, இரண்டாவது கிண்ணம் மட்டும் நக்கி வைத்ததுபோல் காலி. வாளியில் அதை யாரும் துப்பவே இல்லை.

பப்காரரைக் கூப்பிட்டு இரண்டு யாருடையது என்று கேட்டோம். தெல்மாவுடையது.

வேனிலிருந்து அவரை மேலே கூட்டிவந்தோம். தெல்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் லயனலின் மொட்டை உதட்டைப் பார்த்துக் கேட்டார்: "இந்தத் தடவை வாயத் தொறந்துச்சா? என்ன வாசனை வந்துச்சு?"

"ஜின் வாசனை" என்றார் லயனல்.

"அதத்தான் நானும் போட்டேன்!" என்ற தெல்மா நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. இரண்டாம் எண்ணை விழுங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிறிஸ்துமஸ் அட்டைக்கு வாசகம் எழுதும்படி ஹிலரி லயனலிடமே கொடுத்தார். மூன்று நாள் யோசித்து, "நன்றாக இருக்கிறது" என்று எழுதினார். அப்படியே அச்சானது.

உறுப்பினர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தோம். ஜனவரியில் பாராட்டு மழை. ஷெஃபீல்டிலிருந்து ஒருவர்: "தேவதாருவை இவ்வளவு அடக்கி வாசித்ததற்குத் தலைவணங்குகிறேன்." பிரிஸ்டலிலிருந்து ஓர் அம்மாள்: "மெழுகு இம்முறை கடைசியில்தான் வந்தது. பொறுமையாகக் காத்திருந்தேன்." கொப்பரை கொட்டகையிலேயே இருக்கிறது, பூத்தொட்டிக்காரர் வேறு ஏதோ வாங்கிக்கொண்டார். கடிதங்களை லயனலுக்குப் படித்துக் காட்டினேன். துளிர்த்துக்கொண்டிருந்த மீசையைத் தடவியபடி மெல்லத் தலையாட்டினார்.

"தேவதாரு இருக்கும்னு நானும் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு நீங்கள் சிநேகிதர் வீட்டுக்குப் போவீர்கள். அந்த வீட்டு அம்மாள் டபராவில் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு வாய் குடிப்பீர்கள். "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தால் காரியம் முடிந்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, "சிக்கரி கொஞ்சம் தூக்கலோ?" என்று இழுப்பீர்கள் பாருங்கள். அந்த வீட்டில் சிக்கரியே வாங்குவதில்லை.