சாதா மீன்கொத்தி

எல்லாம் தெரியும் என்ற முகத்தோடு சுற்றுவது ஒரு வியாதி. எனக்கு அது முற்றியிருந்த காலம் அது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் நிறம் சரிபார்ப்பது என் வேலை. பழுப்பிலேயே பத்துப் பதினைந்து வகை சொல்வேன். (சொல்லவிடாமல் என்னைத் தடுக்கத்தான் ஆளில்லை.)

என் மனைவி மெர்சியின் அண்ணன் டேனியல் பறவைப் பைத்தியம். பெரிய அலகு மீன்கொத்தியைப் பார்த்தே தீருவேன் என்று ஒரே ஒரு நாள் லீவு போட்டுச் சென்னையிலிருந்து வந்தார். காட்டை ஒட்டிய ஆலங்காயம் ஏரிக்குப் போனோம். வழியெல்லாம் பாடம்.

"காக்கா சைஸ் இருக்கும் மாப்ளே. நெஞ்சு மஞ்சளா இருக்கும். ஊர்ல சாதாவா சுத்துறதுக்கு நெஞ்சு வெள்ளை. ரெண்டுக்குமே அலகு சிவப்புதான், ஏமாந்துடாதீங்க."

"விடுங்க மச்சான், கலர் பாக்கறதுதான என் பொழப்பு!"

அவர் எங்கள் வண்டியை நிறுத்தப் போனார். நானும் மெர்சியும் கரைக்கு நடந்தோம். தண்ணீருக்கு மேல் நீண்ட கிளையில் ஒரு பறவை. நீல இறக்கை, சிவப்பு அலகு.

"இன்னாங்க, இவ்ளோ பெருசா இருக்கு?" மெர்சி போனில் படமெடுத்தாள்.

"கிளை சின்னது. அதான்."

"நெஞ்சு மஞ்சளா இருக்கே?"

"காலை வெயில்ல வெள்ளை மஞ்சளாத்தான் தெரியும். கம்பெனில தினமும் பாக்கறேன். இது சாதா. இது இங்க இருந்தா அது வராது."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினேன். அது பெரிதாகக் கத்திக்கொண்டு ஏரியைத் தாண்டிப் போய் மறைந்தது.

மச்சான் ஓடி வந்தார். "எதாச்சும் வந்துதா?"

"ஒரு சாதா. விரட்டிட்டேன்."

நன்றி கூட சொன்னார், பாவம்.

மதியம்வரை உட்கார்ந்தோம். ஒரு கொக்கு மட்டும் எங்களைப் பார்த்தது. பிறகு ஓட்டலில் பரோட்டா தின்னும்போது மெர்சி சும்மா இருக்காமல் போனை நீட்டினாள். மச்சான் படத்தைப் பெரிதாக்கினார். கையிலிருந்த பரோட்டா சால்னாவில் விழுந்தது.

"மாப்ளே, இதுல வெள்ளை எங்க இருக்கு?"

நானும் தேடினேன். கழுத்திலிருந்து வயிறுவரை ஆரஞ்சு கலந்த மஞ்சள். வெயில் படாத பக்கமும் அதே மஞ்சள்.

வாணியம்பாடியில் பஸ் ஏறும்வரை அவர் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்றுவரை அவருக்கு அந்தப் பறவை கண்ணில் படவும் இல்லை.

ஆனால் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சத்தமாகக் கேட்பார்:

"மாப்ளே, நான் சாதாதான். உள்ள வரலாமா, இல்ல கை தட்டுவீங்களா?"