பத்திரமாக வைத்துக்கொள்பவர்

என் மனைவிக்கு நான் பதினோரு மாதப் பணம் பாக்கி வைத்திருந்தேன். நாலாம் வகுப்போடு நின்று, ஒற்றை ஆளாக மூன்று இரும்புக்கடை எழுப்பியவன் நான்; சரக்கு போட்ட எவனுக்கும் ஒரு நாள் தவணை தப்பியதில்லை. அவளுக்கு மட்டும் ஏன்? நான் ‘பத்திரமாக வைத்துக்கொள்பவர்’ இனம்.

இந்த இனத்தை வங்கி வாசலில் பார்த்திருப்பீர்கள். குடும்பத் தலைவர் பெயரில் வந்த உதவித்தொகையை அரசாங்கம் பெண்கள் கணக்குக்கு மாற்றியதும் முதலில் கைதட்டியவர், மனைவியின் விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, அதில் தன் போன் நம்பரை எழுதி, வந்த கார்டைத் தன் கண்ணாடிக் கூட்டில் செருகி, ரகசிய எண்ணைத் தான் மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, வியாபாரிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "ஆணும் பெண்ணும் சமம்!" என்று முழங்குபவர். கார்டைக் கேட்டால்?

"உனக்கெதுக்கு அலைச்சல்? என்கிட்ட பத்திரமா இருக்கு."

இருந்ததா? அவள் பணம் ஆணியாகவும் கீலாகவும் என் கடையில் தொங்கியது.

மனைவிக்குப் பல் கட்ட வேண்டும். ஒரு வருஷமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். "நான் கட்டி விடுறேன்" என்றேன், பெருந்தன்மையாக.

"உங்க காசு வேணாம். என் காசைக் குடுங்க."

போன வாரம், விவரம் சரிபார்க்க அவளை வங்கிக்கு நேரில் வரச் சொன்னார்கள்; நானும் கூடப் போனேன். கவுன்ட்டரில் ஒரு பெண்.

"அம்மா, உங்க பேரு?"

சொன்னேன்.

"போன் நம்பர்?"

அதையும் நானே சொன்னேன்.

"சார், அம்மாவைக் கேட்டேன்."

"எல்லாம் நான்தாம்மா பாத்துக்கறேன்."

"அப்ப அந்த பெஞ்சுல உக்காந்து பாருங்க சார்."

வரிசையே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள், கையால் வாயை மூடிக்கொண்டு. பிறகு தன் நம்பரைத் தானே சொன்னாள். வெளியே வந்ததும் கை நீட்டினாள். கார்டைக் கொடுத்தேன்.

"பதினோரு மாசம்?"

"கல்லாவுல இருக்கு."

"வாங்க, போலாம். பல் டாக்டர் அஞ்சு மணிக்கு வரச் சொல்லிருக்கார்."

நீங்கள் சிரித்தது போதும். உங்கள் கண்ணாடிக் கூட்டை ஒருமுறை திறந்து பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

கடையில் வேலையாட்கள் பார்க்க, அவள் விரித்த உள்ளங்கையில் மாதம் மாதமாக எண்ணி வைத்தேன். பத்தோடு நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். அவள் கையை மடக்கவில்லை.

பதினொன்றையும் வைத்தேன்.