பிரேக் போட்ட லாரியும் அரக்க மன்னனின் முத்திரையும்

'வேற்றுலகம்' மாத இதழின் ஆசிரியர் ஐயா அவர்களின் மேசைக்கு, சுமகோய் மலைப்பக்கத்திலிருந்து முட்டைக்கோஸ் லாரி ஓட்டும் ஓனுகி தொமோயே குனிந்து வணங்கி எழுதுவது.

மழைக்காலம் தொடங்கி, ஹைட்ரேஞ்சியாப் பூக்கள் நாளொரு நிறம் காட்டும் இவ்வினிய வேளையில், தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சீரும் சிறப்புமாக விளங்குவீர்கள் என்று நம்புகிறேன். இந்த ஒரு வாக்கியம் மட்டும் கடிதம் எழுதக் கற்றுத்தரும் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. இனி வருவதெல்லாம் நானே எழுதுவது. நடுநிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள், அதனால் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், உங்களுக்கு அதுதானே வேலை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. போன ஏப்ரல் மாதம் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நாலு டன் லாரியை நிறுத்திவிட்டு, வாய் நிறையச் சோற்று உருண்டையை வைத்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு அனிமேயைப் பார்த்து அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, மூக்கு ஒழுக அழுதேன். பக்கத்து லாரிக்காரர் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டி, தொண்டையில் சிக்கிக்கொண்டதா, முதுகில் தட்டட்டுமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி நாலு தட்டு வாங்கிக்கொண்டேன். கார்ட்டூனைப் பார்த்து அழுதேன் என்று சொல்வதற்கு முதுகு வலி எவ்வளவோ மேல்.

உங்கள் ஜூன் இதழில், வாரத்துக்கு நாலு வேற்றுலகத் தொடர் வருகிறதே, அதில் ஒன்று மட்டும் தனித்து நிற்பது எதனால் என்று கேட்டு, ஒரு நிபுணரை விட்டு நாலு பக்கம் பதிலும் எழுத வைத்திருந்தீர்கள். மந்திர விதிகள் என்றார், பின்னணி ஓவியம் என்றார், அந்த உலகத்தின் ஐந்நூறு ஆண்டு வரலாறு என்றார். நான் அழுத அந்தத் தொடரைத்தான் உதாரணமாகவும் காட்டியிருந்தார். எல்லாம் சரி. ஆனால் நாலு பக்கத்திலும் பிரேக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஐயா, என் மகள் சயோ இந்த வகைத் தொடர் ஒன்றையும் விடமாட்டாள், அவளோடு உட்கார்ந்து நானும் பதினொன்று பார்த்திருக்கிறேன். பத்தில் கதை இப்படித்தான் தொடங்குகிறது: ஒரு பள்ளிக்கூடப் பையன் தெருவைக் கடக்கிறான், ஒரு லாரி வருகிறது, ஹாரன் அடிக்கிறது, திரை வெள்ளையாகிறது, பையன் கண் விழித்தால் எதிரே ஒரு தேவதை நின்று உனக்கு என்ன வரம் வேண்டும் என்கிறாள். பையனுக்கு வாள் கிடைக்கிறது, மந்திரம் கிடைக்கிறது, பேசும் வழுவழுப்புப் பிராணி ஒன்று கூடவே கிடைக்கிறது. லாரி ஓட்டியவருக்கு என்ன கிடைத்தது? முகம்கூடக் கிடையாது, இரண்டு விளக்கும் ஒரு ஹாரனும்தான். அவர் உரிமம் போயிற்றா, அவர் ஏற்றிவந்த சரக்கு போய்ச் சேர்ந்ததா, ஒருத்தராவது கேட்டாரா? நான் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக் கேட்பேன். சயோ சிரிப்பாள். நான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏம்மா, இன்னிக்கு எத்தன பேர அனுப்பி வச்ச?" என்பாள். "இன்னிக்கு யாரும் இல்ல, தேவதைக்கு உடம்பு சரியில்லையாம்" என்பேன். வீட்டில் இதுதான் பேச்சு.

சிரித்தாலும் ஐயா, எனக்கு இது விளையாட்டு இல்லை. இந்த ஜூன் முப்பதாம் தேதி மாலை ஆறு மணிக்கு நான் விபத்தே இல்லாமல் ஓட்டி இருபது ஆண்டு நிறைகிறது. எங்கள் கம்பெனிக்கு இந்த ஆண்டு வருவது ஒரே ஒரு புது லாரி. இருபது ஆண்டு முடித்தவருக்கு அது. அப்படி யாரும் இல்லையென்றால் வயதில் மூத்த ஓட்டுநருக்கு, அதாவது எங்கள் ஷிகெரு அண்ணனுக்கு. அந்த லாரியில் குளிர்காலத்தில் இருக்கை தானாகச் சூடாகும். பின்னால் எடுக்கும்போது ஏதாவது குறுக்கே நின்றால், ஒரு பெண் குரல் மரியாதையாக, பின்னால் ஏதோ இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள் என்று சொல்லும். என் வீட்டில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எனக்கு அந்த லாரி வேண்டும்.

ஷிகெரு அண்ணன் என்னைவிட முந்தி முடித்திருக்க வேண்டியவர். போன ஆண்டு, பத்தொன்பது ஆண்டு முடித்த கையோடு, வளாகத்துக்குள் வண்டியைத் திருப்பும்போது பின்சக்கரம் ஒரு ஆரஞ்சுக் கூம்பை லேசாகத் தொட்டுவிட்டது. கூம்பு விழக்கூட இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். "என்ன அண்ணே, கூம்புக்கும் வீடு வாசல், குழந்த குட்டி இருக்கும்ல?" என்று கேலி செய்தேன். பக்கத்தில் எங்கள் மானேஜர் இகராஷி நின்றிருந்தார். அவருக்குக் கேலி என்பது காதுக்குள் போகாது. விதிப்புத்தகத்தைப் பிரித்தார், வண்டி எந்தப் பொருளைத் தொட்டாலும் அது விபத்தே என்ற வரியை விரலால் காட்டினார், படிவத்தை நீட்டினார். அண்ணனின் பத்தொன்பது ஆண்டும் பூஜ்யமாகிவிட்டது. நான் இரண்டு வாரம் அவர் வீட்டுக்கு மோச்சிக் கொழுக்கட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். மோச்சியைச் சாப்பிட்டார், மன்னிக்கவில்லை.

இந்த நிலையில்தான் போன அக்டோபரில், டோக்கியோவிலிருந்து ஒரு சின்ன அனிமே ஸ்டுடியோக்காரர்கள் உண்மையான லாரிச் சத்தம் வேண்டும் என்று வந்தார்கள். பையனை இடிக்கும் காட்சிக்காம். இயக்குநர் பெயர் மிட்சுயா, முப்பது வயதுகூட இருக்காது, மூன்று நாள் தூங்காத கண், காலில் வீட்டுச் செருப்பு. படத்தின் கடைசியில் கம்பெனி பெயர் ஓடும் என்றதும் மானேஜர் என்னையும் வண்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். மூடிக்கிடந்த ஒரு விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில், பள்ளிச் சீருடைக்குள் செய்தித்தாளைத் திணித்து ஒரு பொம்மையை நிறுத்தியிருந்தார்கள். பிரேக் போடாமல் வந்து அதை இடிக்க வேண்டும், ஒலிவாங்கி பதிவு செய்யும், அவ்வளவுதான் வேலை. இன்று மட்டும் கணக்கில் சேர்க்கமாட்டேன் என்று மானேஜரும் வாக்குக் கொடுத்தார்.

பதினேழு தடவை ஓட்டினேன் ஐயா. பதினேழு தடவையும் பொம்மைக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. நானாகப் போடவில்லை, கால் போட்டது. குற்றம் அவர்கள் மேலும் உண்டு, பொம்மைக்குக் காகிதத்தில் முகம் வரைந்து ஒட்டியிருந்தார்கள், தொழில்காரர்கள் இல்லையா, இவ்வளவு நீளக் கண்ணிமை, கன்னத்தில் ஒரு குழி. அந்த முகத்தை யாருக்கு இடிக்க மனம் வரும்? அவர்களுக்கோ வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, எனக்கோ பசி. பதினேழாவது தடவை இறங்கிப் போய் பொம்மைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏன் ராசா, ரோட்டப் பாத்து நடக்க மாட்டியா? எங்கயாச்சும் வலிக்குதா? மொதல்ல சாப்டியா இல்லியா, அதச் சொல்லு" என்று கேட்டு, என் சோற்று உருண்டையில் பாதியைப் பிய்த்து அதன் சட்டைப்பையில் வைத்தேன். நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் செய்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒலிவாங்கி ஓடிக்கொண்டிருந்ததாம். மிட்சுயா தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் போலிருக்கிறது என்று மீதி உருண்டையை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "அக்கா, நான் பாத்த எந்தக் கதையிலயும் அந்த டிரைவர் கீழ இறங்கினதே இல்ல" என்றார்.

அன்று ராத்திரியே முதல் பகுதியைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார்களாம். அதுதான் இப்போது நீங்கள் நாலு பக்கம் எழுதியிருக்கும் தொடர், "தேர்வில் தோற்ற நான் லாரியில் அடிபடாமலே வேற்றுலகம் போய்ச் சேர்ந்ததால் அரக்க மன்னனின் கோட்டைக்கு முட்டைக்கோஸ் இறக்க வேண்டியதாயிற்று". பெயர் என் சரக்குச் சீட்டைவிட நீளம், ஆனால் கதை பொய் இல்லை. லாரி நிற்கிறது. ஓட்டுநர் இறங்குகிறார். நான் பொம்மையிடம் கேட்டதை அப்படியே கேட்கிறார், பையனுக்கு அழுகை வருகிறது, சோற்று உருண்டையைக் கொடுத்து வா வீட்டில் விடுகிறேன் என்று ஏற்றிக்கொள்கிறார், பேச்சு சுவாரசியத்தில் நெடுஞ்சாலையில் தவறான வழியில் இறங்கிவிடுகிறார்கள், அது வேற்றுலகத்தில் போய் முடிகிறது. ஓய்விடத்தில் நான் அழுதது இந்த இடத்தில்தான். வழி தவறியதற்கு அல்ல, அதற்கு முன்னால், பிரேக் சத்தத்துக்கு. அது என் வண்டியின் பிரேக். எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும், கடைசியில் கொஞ்சம் விக்கும்.

வேற்றுலகம் போன பிறகும் பாருங்கள். மற்ற தொடர்களில் கோட்டைக்குள் ஆயிரம் படைவீரர் உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள், அதை யார் கொண்டுவந்து இறக்கினார் என்று காட்டவே மாட்டார்கள். இதில் அரக்க மன்னனே வாசலுக்கு வருகிறான், மூன்று கொம்பு, வாயில் நெருப்பு, ஐந்து நாட்டை எரித்தவன். ஓட்டுநர் பயப்படாமல் சரக்குச் சீட்டை நீட்டி, கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை வைக்காமல் சரக்கை இறக்க முடியாது என்கிறார். அவன் இடுப்புப் பட்டையில் தேடுகிறான், இழுப்பறையில் தேடுகிறான், சிம்மாசனத்துக்கு அடியில் குனிந்து தேடுகிறான், முத்திரையைக் காணோம். நகத்தால் கீறி வைக்கட்டுமா என்று கேட்கிறான். கூடாது என்கிறார். ஐயா, எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தலைவர் வாராவாரம் இப்படித்தான் தேடுகிறார். அந்த உலகத்தை நான் நம்பியது அந்த இடத்தில்தான். வானத்தில் இரண்டு நிலா இருந்ததால் அல்ல.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். புது வாள், புது மந்திரம், புதுத் தேவதை, இதெல்லாம் எல்லாரும் வைத்திருக்கிறார்கள். மற்ற கதைகள் திரும்பிப் பார்க்காமல் போகிற ஆளிடம் போய், நீ சாப்பிட்டாயா என்று கேட்கிற கதைதான் தனித்து நிற்கிறது. இதை உங்கள் நிபுணரிடம் சொல்லுங்கள், அவரும் சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரே ஒரு குறை. தொடரில் வரும் ஓட்டுநர் ஆண்பிள்ளை, மூக்குக்குக் கீழே துடைப்பம் மாதிரி மீசை. பேச்செல்லாம் என்னுடையது, மீசை யாருடையது என்று தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு மிட்சுயா தம்பி தயங்கித் தயங்கி, பெண் லாரி ஓட்டுகிறாள் என்றால் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பேசும் வழுவழுப்புப் பிராணியை நம்புகிறார்கள். மன்னிப்புக் கேட்கும் விதமாக, என் இருபது ஆண்டுக்குப் பரிசென்று அந்த மீசைக்காரரின் ஆளுயர அட்டை உருவம் ஒன்று இன்று ஸ்டுடியோவிலிருந்து வந்திருக்கிறது. நாளை விழாவுக்கு எல்லாரும் பார்க்கட்டும் என்று வளாகத்தில், என் வண்டிக்குப் பின்னால், பக்கக் கண்ணாடியில் எனக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தியிருக்கிறேன். நாளை மாலை ஆறு மணிக்கு நான் இருபது ஆண்டு விபத்தில்லாத ஓட்டுநர். கூம்பு விஷயத்தில் மானேஜர் கறாராக இருந்தது நல்லதுதான் என்றுகூட இப்போது தோன்றுகிறது. விதி என்றால் விதிதான்.

உங்கள் இதழ் நூறாண்டு அச்சில் ஓடட்டும், உங்கள் வழிகள் எல்லாம் பச்சை விளக்காகவே இருக்கட்டும், உங்கள் வீட்டாருக்குப் பூச்சி விழாத முட்டைக்கோஸ் கிடைக்கட்டும்.

ஜூன் இருபத்தொன்பது
பணிவுடன்,
ஓனுகி தொமோயே

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று ஜூன் முப்பது. மேலே இருபது ஆண்டு என்று வரும் இடமெல்லாம் அடித்துவிடவும், விதியைப் பற்றிய வரியையும் அடித்துவிடவும். அட்டை ஆள் காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றால் கண்ணாடியில் தெரியமாட்டார். காலை ஏழு பத்துக்கு வண்டியைப் பின்னால் எடுத்தேன். பிரேக் போடவில்லை. மானேஜர் விதிப்புத்தகத்தோடு வந்தார். ஷிகெரு அண்ணன் படிவத்தோடு வந்தார், பேனாவும் அவரே கொண்டுவந்திருந்தார். "தொமோயே, அட்டைக்கும் வீடு வாசல் இருக்கும்ல?" என்றார். இடித்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். இடிபட்டவர் பெயர் என்ற இடத்திலும், யோசித்துப் பார்த்து, என் பெயரையே எழுதினேன். சேதம்: மீசை. கீழே முத்திரை வைக்க வேண்டும். முத்திரையைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறேன்.