மச்சினனுக்கு நான் ஜாமீன்

எனக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, அது ஒரு வியாதி. கோபம் வந்துவிட்டால் உண்மை இன்னும் வேகமாக வரும்.

என் மனைவியின் தம்பி செல்வம், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்ப்பவன். பைக் நிறுத்துகிற தகராறில் ஒருவன் மூக்கை உடைத்துவிட்டு உள்ளே போனான். அந்த வாரமே என் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? "அவன் இல்லாம வீட்டுக்கு வராதீய" என்றாள் மனைவி.

ஜாமீன் கிடைத்துவிட்டது, ஜாமீன்தாரராக நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் வக்கீல். காது குத்துக்கு முந்தின நாள், வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டுமாக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் காலையிலிருந்து நின்றேன். (டீகூடக் குடிக்கவில்லை. மனசுக்குள் அவனை வைதே வயிறு நிறைந்தது.) மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள்.

வாய்தாவுக்கு இவர் தவறாமல் வருவாரா, ஓடிவிட மாட்டாரே என்று மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"ஓடுவாம்மா. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே மம்சாபுரம் வரைக்கும் ஓடிட்டான். நாந்தான் வெரட்டிப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

கோர்ட்டே சிரித்தது. வக்கீல் கேஸ் கட்டால் முகத்தை மூடிக்கொண்டார். கூண்டிலிருந்து செல்வம் கும்பிட்டான். "மச்சான், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவுது, வாய மூடுங்க."

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. ஜாமீன் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டார். வெளியே விடுகிற பேப்பர் என்றேன்.

"அரபியில இருந்து வந்த வார்த்தை. அங்க அதுக்குப் பொருள் பேப்பர் இல்ல, ஆள். இன்னொருத்தருக்காகப் பொறுப்பேத்து நிக்கிறவர். செல்வம் வரலைன்னா நீங்கதான் பதில் சொல்லணும். நிப்பீங்களா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்தப் பாலைவனத்திலோ எவனோ ஒருவன் இன்னொருவனுக்காக முன்னால் வந்து நின்றிருக்கிறான். அந்த வார்த்தை கடல் தாண்டி, எத்தனையோ பேர் வாயில் புழங்கி, ரேஷன் கார்டோடு நிற்கிற என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நாற்பது வயது வரை அதைப் பேப்பர் என்று நினைத்திருந்த மடையன் நான். காலையிலிருந்து இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"நிக்கேம்மா. ஓடுனா பிடிச்சுட்டு வாரேன்."

"அதைத்தான் கேட்டேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மகள் அவன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதாள்.

கேஸே முடிந்துவிட்டது. இன்னமும் எங்கள் வீட்டு விசேஷத்தில் செல்வம் கை கழுவ எழுந்தாலும் என் மனைவி ஆரம்பித்துவிடுவாள்: "ஏங்க, கூடப் போங்க. ஜாமீன் நீங்கதான?"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழுந்து போவேன்.