பிரைமர் முகம்

பல் டாக்டர் போனில் கத்தியது கடைக்கு வெளியே நின்ற லாரிக்காரருக்கே கேட்டது.

"கிளினிக்குக்கு இளம்பச்சை கேட்டேன்யா! நான் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து ரத்தச் சிவப்பை அனுப்பி அடிக்க வச்சிருக்கீங்க. வர்ற பேஷன்ட் எல்லாம் வாசலோட திரும்பி ஓடுறான்!"

பெயிண்ட் கடை முதலாளி போனை வைத்தார். விசாரணை என்றால் மற்றவர்கள் நாலு பேரைக் கேட்பார்கள். அவருக்கு அந்தச் சில்லறை வேலையெல்லாம் எதற்கு? முகத்தைப் பார்த்தே மனசைப் படிக்கிற மகான் அல்லவா!

"டின்னை மாத்தி ஏத்தினது யாரு? சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் வரிசையா வந்து நில்லுங்க. தப்பு செஞ்சவன் முகம் தானா வெளுத்துடும். வெளுத்தவனுக்கு இன்னியோட வேலை கிடையாது."

கவுன்ட்டரில் நின்ற 'பிரைமர்' அப்போதே வெளுத்துவிட்டான். சுவருக்கு முதலில் அடிக்கிற வெள்ளைப் பூச்சின் பெயரை அவனுக்குச் சும்மா வைக்கவில்லை. அடுத்த தெருவில் போலீஸ் ஜீப் நின்றாலே வெளுக்கிற முகம் அது. அவன் கல்யாணத்தில் போட்டோகிராபர் காதோடு கேட்டார், "தம்பி, சம்மதத்தோடதானே?" என்று. அந்த டின்னை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அதை முகத்துக்கு யார் எடுத்துச் சொல்வது?

பாத்ரூம் கண்ணாடி முன் நின்று கன்னத்தில் பளார் பளாரென்று அறைந்துகொண்டான். கை கழுவ வந்த கணக்கர் தோளைத் தட்டினார்.

"விடுப்பா. அறைஞ்சுக்கிட்டா செஞ்ச தப்பு சரியாயிடுமா?"

"ஐயோ அண்ணே, நான் செய்யல!"

"நானும் யார்கிட்டயும் சொல்லல" என்றவர், கடை முழுக்கச் சொல்லிவிட்டார்.

பில் போடும் அக்காவிடம் ஓடினான். "அக்கா, உங்க லிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் குடுங்க."

"உனக்கு எதுக்குடா?"

"வேலையைக் காப்பாத்திக்க!"

அக்கா தாராள மனசுக்காரி. வலது கன்னம் தூக்கலாகிவிட்டதென்று இடதில் கொஞ்சம், இடது தூக்கலாகிவிட்டதென்று வலதில் இன்னும் கொஞ்சம். நெற்றியையும் விட்டுவைக்கவில்லை. போதாததற்கு அவன் மொட்டைமாடி வெயிலில் வேறு போய் நின்றான். வியர்வை சிவப்பைக் கழுத்துவரை இறக்கிவிட்டது.

பழுத்த தக்காளியாக வரிசையில் வந்து நின்றவனைப் பார்த்து எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்த முதலாளி அவன் முன்னால் நின்றார். கண்ணைச் சுருக்கினார்.

"பாருங்கய்யா இவன் மூஞ்சிய! சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துக் கிடக்கு!"

கடையே திகைத்தது. முதலில் சுதாரித்தவர் கணக்கர்தான். "ஆமாங்க முதலாளி. சுத்தமா ரத்த ஓட்டமே இல்ல."

"பாவம், வெள்ளைப் பேப்பர் மாதிரி ஆயிட்டான்" என்றாள், காலி லிப்ஸ்டிக்கை முந்தானையில் மறைத்தபடி அக்கா.

தாடையிலிருந்து சிவப்புச் சொட்டச் சொட்ட, சாப்பாட்டுப் பையோடு பிரைமர் வெளியே வந்தான். முதலாளியின் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துணியை உதறினார்.

"அவர் கண்ணுக்குச் சிவப்பே தெரியாது தம்பி. சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான், சிக்னல் புரியாமத்தான் வண்டி ஓட்ட என்னை வச்சிருக்காரு. மூடியில இருந்த கலரைப் பார்த்து, இதுதான் டாக்டரோட பச்சைன்னு அந்த டின்னைத் தன் கையாலயே எடுத்து வண்டியில வச்சவரும் அவருதான்!"