நித்யா கல்யாணப் பையில ரெண்டு கிலோ தக்காளி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில காய்கறி வாங்கக் கிளம்பினேன்.

அவ்ளோதான் வேலை. ரெண்டு கிலோ தக்காளி, கொஞ்சம் பீன்ஸ், ஒரு கட்டு கீரை. மந்தைவெளியிலேர்ந்து தெற்கு மாட வீதி. நடந்தே போயிட்டு வந்துடலாம்.

ஆனா முந்தின நாள் என் மனைவி சுதா, கிச்சன் சிங்க் அடியில கைய விட்டுட்டா. அங்க ஒரு பிளாஸ்டிக் கவர். அதுக்குள்ள இன்னொரு கவர். அதுக்குள்ள பத்து. இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு.

"இதெல்லாம் யார் கொண்டு வந்தது?"

வீட்ல இருக்கறதே ரெண்டு பேர். அவ எப்பவும் பையோட போறவ. நான் ஃபேனைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

"இனிமே கவரோட வந்தீங்கன்னா, கவரும் நீங்களும் வெளியவே இருங்க!"

அதனால பரண்ல ஏறினேன். அங்க ஒரு மூட்டை நிறைய தாம்பூலப் பை. இருபது வருஷமா நாங்க சாப்ட்ட கல்யாணம் எல்லாம் அதுல இருந்துச்சு. இருக்கறதுலயே பெருசா, கெட்டியா, மெரூன் கலர்ல ஒரு துணிப்பைய உருவினேன். ரெட்டைத் தையல் கைப்பிடி. உதறினேன், தோள்ல மாட்டினேன், கிளம்பிட்டேன்.

அதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கல. பை எடுத்தா யாராவது படிப்பாங்களா?

வழக்கமா நான் வாங்கறது பூங்கொடி அக்காகிட்ட. மாட வீதி பிளாட்பாரத்துல கடை. என்னையும் பையையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க.

"இன்னா சார், அதிசயமா கீது! கவர் வோணாவா?"

"வேண்டாம்க்கா. நான் மாறிட்டேன்."

பக்கத்துல நிக்கறவங்களுக்கும் கேக்கட்டும்னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். "இந்தக் கவரை மாடு திங்குது, சாக்கடைய அடைக்குது, ஒரு மழை பெஞ்சா நம்ம தெருவே..."

"சார், பைய விரி. பின்னால ஆளு நிக்குது."

விரிச்சேன். தக்காளியக் கொட்டினாங்க. கொட்டிட்டு, எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. "நித்யா... அர்ஜுன்... யார் சார், உன் பொண்ணா?"

அப்பதான் பாத்தேன். தங்கக் கலர்ல, கொட்டை எழுத்துல, 'நித்யா – அர்ஜுன் திருமணம். வந்து வாழ்த்தியமைக்கு நன்றி.' நடுவுல ஒரு இதயம் வேற!

நித்யா, முன்னாடி எங்க மாடி வீட்ல குடியிருந்த விஜயா மாமியோட பொண்ணு. தி.நகர்ல தடபுடலா நடந்த கல்யாணம், பத்தாவது மாசமே முடிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து மாமி முன்னாடி தெரிஞ்சவங்க யாரும் கல்யாணம்கற வார்த்தையையே எடுக்கறதில்ல.

பைய உடனே திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் அதே இதயம்!

சரி, ஓரமா நழுவிடலாம்னு திரும்பறேன்...

"ரகு! பாத்து எத்தனை நாளாச்சு!"

விஜயா மாமி. பக்கத்துலயே, கையில முருங்கைக்காயோட நித்யா.

தக்காளியோட அந்தப் பைய அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். ரெண்டு கையாலயும். எழுத்து ஒண்ணுகூட வெளிய தெரியக் கூடாது.

"நல்லா இருக்கியா?"

"ம்."

"என்ன இப்படி வேர்த்துக் கொட்டறது? ஏன் மாரைப் பிடிச்சுண்டு நிக்கறே?"

"ஒண்ணும் இல்ல மாமி..." பயத்துல பாதி வார்த்தை உள்ளயே நின்னுடுச்சு.

"ஐயோ, பேச்சே வரலையே! நித்யா, இவனுக்கு மார்வலிடி!"

அவ்ளோதான். பூங்கொடி அக்கா ஸ்டூலப் போட்டாங்க. யாரோ சோடாவ என் வாயில ஊத்தினாங்க, பாதி மூக்குக்குப் போச்சு. ஒரு ஆட்டோக்காரர் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தார்.

"சார், பைய குடு. வண்டில ஏறு."

"பைய விட மாட்டேன்!"

"இன்னா சார், தக்காளிக்கா உசுர வுடுவே?"

"பிரமை பிடிச்சாப்ல பேசறானே!"ன்னு மாமி அழவே ஆரம்பிச்சுட்டாங்க. "பிடுங்குங்கோ அதை!"

ஆட்டோக்காரர் ஒரு கைப்பிடிய இழுத்தார். பூங்கொடி அக்கா இன்னொண்ணை. மாமி நடுவுல. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு அடியப் பிடிச்சிருந்தேன். திடீர்னு ஸ்டூல் சாஞ்சுது. நான் கீரைக்கட்டு மேல உக்காந்தேன். தக்காளி ரோடு பூரா உருண்டுச்சு. பை மட்டும் மாமி கையில. எழுத்து மேல் பக்கமா.

மாமி படிச்சாங்க.

நான் கீரைக்கட்டு மேல உக்காந்தபடியே கையக் கூப்பினேன்.

"மன்னிச்சுடுங்க மாமி. நான் பாக்காம எடுத்துட்டேன். நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"அப்போ மார்வலி?"

"அது இல்ல மாமி."

"அப்ப ஆஸ்பத்திரி இல்லியா?"ன்னார் ஆட்டோக்காரர், ரொம்ப வருத்தமா.

நித்யா அம்மா கையிலேர்ந்து பைய வாங்கினா. கைப்பிடிய ரெண்டு தடவை இழுத்துப் பாத்தா.

"மூணு பேர் இழுத்தும் ஒரு தையல் பிரியலை பாரும்மா. அந்தக் கல்யாணத்துல நிலைச்சது இது ஒண்ணுதான்."

நான் கீரை மேலேர்ந்து எழுந்திருக்கவே இல்ல. எழுந்திருக்க தைரியம் இல்ல.

மாமி பொண்ணை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாங்க, "பைய நான் பாத்தேன்டி. மாப்பிள்ளையத்தான் உங்கப்பா பாத்தார்."

முதல்ல நித்யா சிரிச்சா. அப்புறம் மாமி. பூங்கொடி அக்காவுக்கு விஷயமே தெரியாது, ஆனா அவங்கதான் அதிகமாச் சிரிச்சாங்க. ரொம்ப நாள் கழிச்சு மாமி சிரிச்சு இப்பதான் பாக்கறேன்.

"ஆத்துல இன்னும் நூறு பை மிச்சம் இருக்கு"ன்னாங்க மாமி. "தூக்கிப் போடவும் மனசு வரலை, வெளில எடுக்கவும் கூச்சம்."

"இங்க எடுத்தாம்மா"ன்னாங்க பூங்கொடி அக்கா. "கவர் கேக்கறவங்களுக்குக் குடுத்துடறேன்."

அடுத்த நாளே நித்யா கொண்டு வந்து கொடுத்துட்டா. இப்ப மயிலாப்பூர்ல பாதிப் பேர் கையில மெரூன் பை. "யார் வூட்டுக் கல்யாணம்?"னு கேட்டா, "நம்ம வூடுதான்"ங்கறாங்களாம் பூங்கொடி அக்கா.

நசுங்கின தக்காளியும், நான் உக்காந்த கீரையுமா வீட்டுக்கு வந்து சுதாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ உடனே பரண்லேர்ந்து மூட்டைய இறக்கி, ஹால்ல கொட்டி, பைங்களப் பிரிக்க ஆரம்பிச்சா. சேந்து இருக்கறவங்க ஒரு குவியல். பிரிஞ்சவங்க ஒரு குவியல். சந்தேகமா இருக்கறவங்க ஒரு குவியல். மூணாவதுதான் பெருசா இருந்துச்சு.

இப்பல்லாம் நான் கத்திரிக்காய் வாங்கக் கிளம்பினா, சுதா முதல்ல யாராவது ஒரு சொந்தக்காரங்களுக்கு ஃபோனைப் போட்டு, "அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க இல்ல?"ன்னு விசாரிச்சுட்டுத்தான் பையக் கொடுக்கறா.